துணைக் கருவியும் தனிக்குரலும்

கச்சேரியில் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் காப்பி அருந்த எழுந்து செல்லும் வழக்கம் நம்மவரிடையே நெடுங்காலமாக உண்டு. தோற்கருவி வாசிப்பவர் பிறருக்குத் துணை நிற்பவரே என்னும் எண்ணம் அதன் வேராகும். இவ்வெண்ணம் நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்க நாட்டிலும் அஃது இருந்தது. அங்கே அதனை எதிர்த்து எழுந்த ஓர் இசைத்தட்டின் வரலாற்றை ஈண்டுக் காண்போம்.

ஜாஸ் என்பது அந்நாட்டுக் கறுப்பின மக்கள் வளர்த்த இசை. அதில் டிரம் என்னும் முரசை வாசிப்பவர் காலப்பிரமாணம் காத்துப் பின்னால் அமர்ந்திருப்பவர். பழைய அரக்குத் தட்டின் ஒரு பக்கம் மூன்று நான்கு நிமிடமே ஓடியது. அச்சிறு பொழுதில் அவருக்குத் தனியிடம் கிடைப்பது அரிது. எனினும் 1946-இல் நியூ ஆர்லியன்ஸ் நகரத்தவரான பேபி டாட்ஸ் தனி முரசொலியைப் பதிவு செய்தார். 1948-இல் கொலம்பியா நிறுவனம் நிமிடத்திற்கு 33⅓ சுற்றுச் சுழலும் வினைல் நெடுந்தட்டை வெளியிட்டது. பக்கத்திற்கு இருபது நிமிடம் வரை இடம் கிடைத்தது. முரசுக்கும் வழி பிறந்தது.

அவ்வழியில் வந்தவர் மாக்ஸ் ரோச். 1924-இல் வட கரோலினாவில் பிறந்து புரூக்ளினில் வளர்ந்தவர். சார்லி பார்க்கருக்குத் துணையாக வாசித்துப் புகழ் பெற்றவர். 1960-இல் தம் மக்களின் விடுதலை வேட்கையையே ஓர் இசைத்தட்டாக்கினார். 1966-இல் அட்லாண்டிக் நிறுவனம் அவருடைய ‘டிரம்ஸ் அன்லிமிடெட்’ தட்டை வெளியிட்டது. அதன் ஆறு உருப்படிகளில் மூன்றில் முரசன்றி வேறு கருவி இல்லை. ஒன்றில் கால்கள் இரண்டும் மூன்றெண்ணிக்கைத் தாளத்தை விடாது பற்ற, கைகள் அதன்மேல் பாட்டே பாடுகின்றன. மற்றொன்று, 1951-இல் மறைந்த மூத்த கலைஞர் சிட்னி காட்லெட்டுக்குச் செலுத்திய காணிக்கை. தமக்கு முன் பின்வரிசையில் அமர்ந்தவரை அவர் மறக்கவில்லை!

ரோச் 2007-இல் மறைந்தார். அத்தட்டின் முதற்பதிப்பை இன்று சேகரிப்போர் தேடி வாங்குகின்றனர். நடுவிலுள்ள முத்திரைத் தாளையும், பாட்டு முடியுமிடத்தில் கீறப்பட்ட எண்ணையும் ஒப்புநோக்கியே பதிப்பைத் துணிகின்றனர்.

இருப்புப்பாதை அலுவலகத்தில் பேரேடு எழுதும் எமக்கு இவ்வரலாறு நெஞ்சைத் தொடுகிறது. வண்டி ஓடுகிறது, கணக்கு எழுதியவனை எவரும் கேட்பதில்லை. ஆதலின் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள்: இவ்வாண்டு விழாவில் மிருதங்கம் தனித்து ஒலிக்கும்போது நாம் எழாதிருப்போம். காப்பி சற்றுக் காத்திருக்கும் அன்றோ?