பகிர்வு நூலக ஏற்றச் சிக்கல்கள்

யுனிக்ஸ் வகை இயங்குதளங்களில் ஒரு நிரல், தனக்கு வேண்டிய பகிர்வு நூலகம் கிடைக்காமலோ பொருந்தாமலோ தொடக்கத்திலேயே நின்றுவிடுவது பகிர்வு நூலக ஏற்றச் சிக்கல் எனப்படும். நூலகங்களைத் தேடி நினைவகத்தில் சேர்ப்பது ‘ஏற்றி’ என்னும் சிறு நிரலின் வேலை.

தொடக்கக்கால யுனிக்ஸில் இந்தச் சிக்கலே எழவில்லை. ஒவ்வொரு நிரலும் தன் நூலகத்தைத் தன்னுள்ளேயே சுமந்தது. வட்டில் இடம்தான் வீணானது. 1986இல் வந்த சிஸ்டம் V மூன்றாம் வெளியீடு நூலகங்களைப் பகிர வழிசெய்தது. ஆனால் ஒவ்வொன்றுக்கும் நிலையான நினைவக முகவரி ஒதுக்க வேண்டியிருந்தது. 1988இன் சன்ஓஎஸ் 4.0, நிரல் ஓடத் தொடங்கும்போதே இணைக்கும் முறையைக் கொண்டுவந்தது. நிலையான முகவரிகளோடு மல்லாடிய லினக்ஸும் 1995 வாக்கில் எல்ஃப் என்னும் நிரல் கோப்பு வடிவத்துக்கு மாறியது. முகவரித் தொல்லை அதோடு தீர்ந்தது. எந்தக் கோப்பு, எந்தப் பதிப்பு, எந்த அடைவில் என்ற கேள்விகள் அந்த இடத்துக்கு வந்தன.

எடுத்துக்காட்டாக, லினக்ஸ் வகையான உபுண்டு 22.04இல் பழைய நிரல்கள் பல, ‘லிப்எஸ்எஸ்எல்.எஸ்ஓ.1.1’ இல்லை என்று சொல்லி நின்றன. அந்தக் கோப்பு ஓப்பன்எஸ்எஸ்எல் நூலகத்தின் 1.1 பதிப்புக்குரியது; உபுண்டு 22.04இல் இருப்பதோ பதிப்பு 3. புதிய கோப்புக்குப் பழைய பெயரில் இணைப்புப் போட்டுச் சமாளிக்க முயல்வது வழக்கமான தவறு. கோப்பு அகப்பட்டதும் ஏற்றி அதனுள் பதிப்புக் குறியைத் தேடி, இல்லையென்று மறுபடி நிற்கும். பெயரின் கடைசி எண் மாறியிருந்தால் பழைய நிரலுக்கு அது வேறு நூலகம் என்றே கொள்ள வேண்டும்.

எந்த நூலகம் அகப்படவில்லை என்பதை எல்டிடி கட்டளை காட்டும். சில சூழல்களில் அது நிரலையே இயக்கிவிடும் என்பதால், நம்பகமற்ற கோப்புகளுக்கு ஆப்ஜ்டம்ப் கட்டளையே பாதுகாப்பானது. எல்டி_டீபக் என்னும் சூழல் மாறிக்கு ‘லிப்ஸ்’ என்று மதிப்புத் தந்தால், ஏற்றி எந்தெந்த அடைவில் தேடியது என்பது வரிவரியாகத் தெரியும். ஊகத்தில் நாள்கழிப்பதைவிட இது எவ்வளவோ மேல். நூலகம் புதிதாக நிறுவப்பட்டதாயின், எல்டிகான்ஃபிக் கட்டளை ஏற்றியின் தேடல் பட்டியலைப் புதுப்பிக்கும். தேடும் அடைவுகளைக் குறிக்கும் எல்டி_லைப்ரரி_பாத் மாறி சோதித்துப் பார்க்க ஏற்றது. நிரந்தரமாக வைத்தால் மற்ற நிரல்களும் தவறான நூலகத்தை எடுத்துக்கொள்ளக்கூடும்.

மிகவும் குழப்புவது ஏற்றியே இல்லாத நிலை. ஜிலிப்சி என்னும் சி நூலகத்துக்காகத் தொகுத்த நிரலை, மசில் என்னும் வேறொரு சி நூலகத்தில் இயங்கும் ஆல்பைன் லினக்ஸில் இட்டால், கண்முன் இருக்கும் நிரல் கோப்பையே ‘இல்லை’ என்று ஷெல் சொல்லும். இல்லாதது நிரலன்று, அது பெயர் சொல்லிக் கேட்கும் ஏற்றி. ரீட்எல்ஃப் கட்டளை அந்தப் பெயரைக் காட்டிவிடும். மசிலுக்காக மறுபடி தொகுப்பதே சரியான தீர்வு.