ஒரு ரூபாய்ப் பிடித்தமும் ஒரு சொல்லின் பொருளும்: தில்லியின் விளையாட்டு இடங்களைக் காணச் செல்வோருக்கு

தில்லி மூன்று பன்னாட்டு விளையாட்டுப் பெருவிழாக்களை நடத்திய நகரம். 1951இல் முதலாம் ஆசிய விளையாட்டுப் போட்டி, 1982இல் ஒன்பதாம் ஆசிய விளையாட்டுப் போட்டி, 2010இல் காமன்வெல்த் போட்டி. செங்கோட்டை, குதுப் மினார் என நீளும் பயணிகளின் வழக்கமான பட்டியலில் இவ்விழாக்களின் இடங்கள் இருப்பதில்லை. ஆயினும் இவற்றை வரிசையாகக் காண்பவருக்கு இருபதாம் நூற்றாண்டு இந்தியாவின் வரலாறு ஒன்று புலப்படும். அரங்கைக் கொடுத்தவரும் அதற்குப் பெயரானவரும் எளிதில் தெரியவருகின்றனர். அதைக் கட்டியவர்களையோ நீதிமன்ற ஏடுகளில்தான் தேட வேண்டியிருக்கிறது.

பயணத்தை இந்தியா கேட்டிலிருந்து தொடங்கலாம். அதன் கிழக்கே உள்ள விளையாட்டரங்கம் 1933இல் பவநகர் மகாராஜாவின் கொடையால் எழுந்தது. கன்னாட் பிளேசை வடிவமைத்த ராபர்ட் டோர் ரஸ்ஸல் இதற்கும் கட்டடக் கலைஞர். முன்னாள் வைசிராயின் பெயரால் அன்று அது இர்வின் ஆம்பிதியேட்டர் எனப்பட்டது. 1951ஆம் ஆண்டுப் போட்டியை ஒட்டி நேஷனல் ஸ்டேடியம் ஆயிற்று. 2002இல், 1928, 1932, 1936 ஆகிய மூன்று ஒலிம்பிக்குகளிலும் தங்கம் வென்ற ஹாக்கி வீரர் தயான் சந்தின் பெயர் சேர்ந்தது. ஆட்சி மாறிய வரலாற்றை ஒரே கட்டடத்தின் பெயர்மாற்றங்களே சொல்லிவிடுகின்றன.

அரங்கின் பின்புறம் தெரிவது புராணா கிலா. 1947இல் பிரிவினைக் கலவரத்துக்கு அஞ்சிய பல்லாயிரம் முஸ்லிம்கள் இக்கோட்டைக்குள் அடைக்கலம் புகுந்தனர். பின்னர் மேற்குப் பஞ்சாபிலிருந்து வந்த அகதிகளும் அங்கே தங்கினர். நான்கு ஆண்டுகள் நிறைவதற்குள், 1951 மார்ச் 4 அன்று, அதன் அருகிலேயே ஆசிய நாடுகள் 11 அணிவகுத்தன. நீச்சலில் சச்சின் நாக் இந்தியாவின் முதல் ஆசியத் தங்கத்தை வென்றார். சைலேன் மன்னா தலைமையிலான கால்பந்து அணி இறுதியாட்டத்தில் ஈரானை வீழ்த்தியது. 1950இல் நடக்க வேண்டிய போட்டி ஓராண்டு தள்ளிப்போய் நடந்ததற்கான சூழலை உணர, அரங்கையும் கோட்டையையும் ஒருங்கே காண்பது உதவும்.

அதே வட்டச் சாலையில், இன்று மாவட்ட நீதிமன்றங்கள் இயங்கும் பட்டியாலா ஹவுஸ் உள்ளது. ஆசிய விளையாட்டுக் கூட்டமைப்பு 1949 பிப்ரவரியில் முறையாக உருவானது இங்கேதான். அதன் முதல் தலைவர் பட்டியாலா மகாராஜா யாதவீந்திர சிங். பஞ்சாபின் பட்டியாலாவில் அவருடைய அரச குடும்பத்துக்குரியதாக இருந்த மோதிபாக் அரண்மனை, 1961இல் பயிற்சியாளர்களை உருவாக்கும் தேசிய விளையாட்டு நிறுவனமாயிற்று. நேதாஜி சுபாஷ் சந்திர போஸின் பெயரைத் தாங்கிய அவ்வளாகத்தில் இன்றும் பளுதூக்குநர்களும் தடகள வீரர்களும் பயிற்சி பெறுகின்றனர். விளையாட்டின் புரவலர் அரசரிலிருந்து அரசுக்கு மாறியதற்கு அவ்வளாகம் கண்கூடான சான்று.

அரசு புரவலரானதும் விழாவின் அளவும் பெருகிற்று. 1982ஆம் ஆண்டுப் போட்டிக்காக லோதி சாலையில் ஜவஹர்லால் நேரு விளையாட்டரங்கம், இந்திரப்பிரஸ்த உள்விளையாட்டரங்கம், ஏசியாட் கிராமம், மேம்பாலங்கள் எனத் தில்லி குறுகிய காலத்தில் மாற்றிக் கட்டப்பட்டது. ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம், ஒரிசா முதலிய மாநிலங்களிலிருந்து ஜமாதார்கள் எனப்பட்ட இடைத்தரகர்கள் தொழிலாளர்களைத் திரட்டி வந்தனர். அன்றைய குறைந்தபட்சக் கூலி நாளொன்றுக்கு 9.25 ரூபாய். அதில் ஒரு ரூபாயை ஜமாதார் தம் தரகாகப் பிடித்துக்கொள்ள, தொழிலாளியின் கைக்கு வந்தது 8.25 ரூபாய்.

சமூக அறிவியலாளர் மூவர் கட்டுமானத் தளங்களில் ஆய்வு செய்து அறிக்கை அளித்தனர். அதன் அடிப்படையில் ஜனநாயக உரிமைகளுக்கான மக்கள் ஒன்றியம் நீதிபதி பி. என். பகவதிக்கு ஒரு கடிதம் எழுத, உச்ச நீதிமன்றம் அதையே மனுவாக ஏற்றது. பெண்களுக்குச் சம ஊதியம் தராமை, சிறுவர்களை வேலைக்கு அமர்த்தியமை ஆகிய குற்றச்சாட்டுகளும் அதில் இருந்தன. போட்டி தொடங்க இரண்டு மாதங்கள் இருக்கையில், 1982 செப்டம்பர் 18 அன்று தீர்ப்பு வந்தது.

வழக்கின் மையம் ஒரு சொற்பொருள் சிக்கல். அரசமைப்பின் 23ஆம் பிரிவு 'பேகார்' என்பதையும் 'அதையொத்த' பிற கட்டாய உழைப்பையும் தடைசெய்கிறது. பேகார் என்பது கூலியின்றி வாங்கப்படும் வேலையைக் குறிக்கும் பாரசீகவழிச் சொல். 'அதையொத்த' என்ற அடைமொழி இருப்பதால் எல்லாக் கட்டாய உழைப்பும் இப்பிரிவுக்குள் வாராது, பேகாரைப் போன்றதே வரும் என்பது ஒன்றிய அரசுத் தரப்பின் வாதம். நீதிமன்றம் அவ்வாதத்தை ஏற்கவில்லை. கூலி கொடுத்தாலும் கட்டாய உழைப்பு கட்டாய உழைப்பே என்றது. அடுத்து, 'கட்டாயம்' என்ற சொல்லின் எல்லையையும் விரித்தது. அடி உதையும் சட்டத்தின் மிரட்டலும் மட்டுமன்றி, வேறு வழியின்றி ஒருவரைக் குறைகூலிக்கு இணங்கவைக்கும் பசியும் வறுமையும் கட்டாயமே. ஆகவே குறைந்தபட்சக் கூலிக்குக் குறைவாகப் பெற்று உழைப்பது கட்டாய உழைப்பாகும் எனத் தீர்ப்பு வரையறுத்தது. இந்திய உழைப்புச் சட்டத்தில் ஒரு சொல்லின் பொருள் மாறியதற்கு இவ்வரங்குகளின் கட்டுமானம் காரணமாயிற்று.

இத்தீர்ப்பைப் படித்தபின் ஏசியாட் கிராமத்துக்குச் செல்வது நல்லது. ராஜ் ரேவால் வடிவமைத்த சுமார் 700 வீடுகள் அங்குள்ளன. வட இந்தியப் பழநகரங்களின் குறுந்தெருக்களையும் முற்றங்களையும் நினைவூட்டும் அவ்வமைப்பு கட்டடக்கலை மாணவர்களுக்கு இன்றும் பாடம். அருகே அலாவுதீன் கில்ஜி எழுப்பிய சிரி கோட்டையின் சிதைந்த மதில்கள் நிற்கின்றன. வெட்டுண்ட மங்கோலியர் தலைகள் இம்மதிலுக்குள் புதைக்கப்பட்டன என்றும், தலையைக் குறிக்கும் 'சிர்' என்ற சொல்லிலிருந்தே இப்பெயர் வந்தது என்றும் மக்கள் வழக்கில் ஒரு கதை உண்டு. சொற்பிறப்பு எதுவாயினும், தோற்றவர்களின் உடலைச் சுவரோடு சேர்த்து எண்ணும் கற்பனையை அக்கதை காட்டுகிறது. சுவரை எழுப்பியவர்களைப் பற்றி அதுவும் பேசுவதில்லை.

கடைசி இடம் யமுனைக் கரை. அக்ஷர்தாம் மெட்ரோ நிலையத்தின் அருகே தெரியும் அடுக்குமாடிகள் 2010ஆம் ஆண்டின் விளையாட்டு வீரர் கிராமம். ஆற்றின் வெள்ளச் சமவெளியில் கட்டலாமா என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்று, 2009இல் கட்டுமானத்துக்குச் சாதகமாக முடிந்தது. போட்டி தொடங்கச் சில நாட்களே இருக்கையில், 2010 செப்டம்பர் 21 அன்று, நேரு அரங்கின் அருகே கட்டப்பட்டுவந்த நடைமேம்பாலம் இடிந்து இருபதுக்கும் மேற்பட்டோர் காயமுற்றனர். 28 ஆண்டுகளுக்கு முன் இதே அரங்கு முதலிய இடங்களின் தொழிலாளர்களை முன்னிறுத்தியே கட்டாய உழைப்பின் பொருள் விரிக்கப்பட்டிருந்தது. 2010இலும் தொழிலாளர் நிலை குறித்து அதே அமைப்பு நீதிமன்றத்தை நாட நேர்ந்தது. சொல்லின் பொருளை ஒரு தீர்ப்பால் மாற்றிவிட இயலும், கூலி வழங்கும் பழக்கம் அத்தனை எளிதில் மாறுவதில்லை என்பதையே இது உணர்த்துகிறது.

எனவே இவ்விடங்களைக் காணச் செல்லும் மாணவர்கள் நகர வரைபடத்தோடு 1982ஆம் ஆண்டுத் தீர்ப்பின் படியொன்றையும் எடுத்துச் செல்லலாம். பதக்கப் பட்டியல்கள் எங்கும் கிடைக்கும். ஒவ்வொரு நாளின் உழைப்பிலும் ஏறத்தாழ ஒன்பதில் ஒரு பங்கு பிடிக்கப்பட்ட செய்தி அத்தீர்ப்பின் பக்கங்களில் பதிவாகியிருக்கிறது.