நெஞ்சுக்குழி தெரிந்த கொல்லன்

1897 மார்ச் 17, நெவாடா மாநிலம் கார்சன் சிட்டி. இந்த ஆட்டத்தை நடத்தவே அந்த மாநிலம் ஜனவரியில் சட்டம் போட்டுக் குத்துச்சண்டைக்கு அனுமதி கொடுத்திருந்தது. ஒரு மூலையில் உலக ஹெவிவெயிட் சாம்பியன் ஜிம் கார்பெட், 183 பவுண்டு. எதிர் மூலையில் பாப் ஃபிட்ஸிம்மன்ஸ், 167 பவுண்டு, வயது முப்பத்து மூன்று, தலை வழுக்கை. ஏழு கிலோ குறைவு. நான் பயிற்சி கொடுக்கும் பையன்களை மூன்று கிலோ கூடினவனோடு இறக்கவே யோசிப்பேன்.

பழைய படங்களில் ஃபிட்ஸிம்மன்ஸைப் பார்த்தால் சிரிப்பு வரும். குச்சிக் கால்கள். மேலே மட்டும் ஹெவிவெயிட்டின் தோளும் முதுகும். இங்கிலாந்தின் கார்ன்வாலில் பிறந்து, நியூசிலாந்தின் டிமாருவில் வளர்ந்து, கொல்லுப்பட்டறையில் சம்மட்டி பிடித்த உடம்பு அது. தராசு கால்களையும் சேர்த்துத்தானே நிறுக்கிறது! 1891-இல் நியூ ஆர்லியன்ஸில் மிடில்வெயிட் பட்டத்தைப் பிடித்தபோது அவர் இன்னும் ஒல்லி.

கார்சன் சிட்டியில் கார்பெட்தான் அழகாக ஆடினார். ஆறாவது ரவுண்டில் ஃபிட்ஸிம்மன்ஸ் கீழே விழுந்து, முகமெல்லாம் ரத்தமாக எழுந்தார். ரிங் ஓரத்திலிருந்து அவர் மனைவி ரோஸ், உடம்பில் குத்தச் சொல்லிக் கத்தினாராம். என் வாத்தியார் அங்கே இருந்திருந்தால் அவரும் அதைத்தான் கத்தியிருப்பார். கனத்தவனுக்குக் கழுத்து தடிமன். தலையில் விழும் குத்தைத் தாங்கிக்கொள்வான். விலா பிரியும் இடத்தில் இருக்கிற நெஞ்சுக்குழி அப்படியில்லை. எதிர்பாராத நேரத்தில் அங்கே ஒன்று இறங்கினால் உதரவிதானம் இழுத்துப் பிடித்துக்கொள்ளும், மூச்சு உள்ளே போகாது.

பதினான்காவது ரவுண்டில் ஃபிட்ஸிம்மன்ஸ் வலது காலை முன்னே வைத்து நிலையை மாற்றினார். நெருங்கிப்போய், உடம்பின் கனம் மொத்தத்தையும் சேர்த்து இடது கையை அந்தக் குழியில் இறக்கினார். கார்பெட்டுக்கு நினைவு தப்பவில்லை. எண்ணிக்கை காதில் விழுந்தது, எழத்தான் முடியவில்லை. இனாக் ரெக்டர் இந்த ஆட்டத்தைப் படமாக்கி ஊர் ஊராக ஓட்டினார். ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஓடிய அந்தப் படத்தில் ஒரு பகுதிதான் இன்று மிஞ்சியிருக்கிறது.

எதிராளி பெருத்தவனாக இருந்தால் விழுவதும் பலமாகத்தான் இருக்கும் என்று ஃபிட்ஸிம்மன்ஸ் சொன்னதாக ஒரு பேச்சு உண்டு. எனக்கு அதில் பாதி நம்பிக்கைதான். 1900-இல் முந்நூறு பவுண்டு எட் டங்க்ஹார்ஸ்டை இரண்டாம் ரவுண்டில் சாய்த்தார், சரி. ஆனால் அதற்கு முந்தைய ஆண்டே கோனி ஐலண்டில் ஜிம் ஜெஃப்ரீஸிடம் பட்டத்தைப் பறிகொடுத்துவிட்டார். ஜெஃப்ரீஸ் பாய்லர் தொழிலாளியாக இருந்தவர், 200 பவுண்டுக்கு மேல். கார்சன் சிட்டியில் கார்பெட்டோடு பயிற்சி ஆட்டம் ஆடிய பையனும் அவர்தான். குனிந்து, இடது கையை முன்னே நீட்டி வயிற்றை மறைத்துக்கொண்டு ஆடினார், குழி கிடைக்கவில்லை. 1902-இல் மறுபடி மோதியபோது ஃபிட்ஸிம்மன்ஸ் ஜெஃப்ரீஸின் முகத்தைக் கிழித்தார், மூக்கை உடைத்தார். அதில் தன் கைகளும் போயின. எட்டாவது ரவுண்டில் ஆட்டமும் போயிற்று.

லைட் ஹெவிவெயிட் என்ற பிரிவு 1903-இல்தான் வந்தது. அந்த நவம்பரில் சான் ஃபிரான்சிஸ்கோவில் ஜார்ஜ் கார்ட்னரோடு 20 ரவுண்டும் நின்று ஆடிப் பட்டத்தை வாங்கினார் ஃபிட்ஸிம்மன்ஸ். மூன்று எடைப் பிரிவுகளில் உலகப் பட்டம் பெற்ற முதல் ஆள் அவர். அவர் உடம்புக்கு உரிய பிரிவு வந்து சேர்ந்தபோது வயது நாற்பது ஆகியிருந்தது.