பீப் அடிக்கும் நாஸ் பெட்டி: ரெய்டு டிஸ்க்கில் தொலைந்த ஃபைல்களை மீட்க முடியுமா? முதலில் எதைச் செய்யக்கூடாது?

வண்டலூர் - வாலாஜாபாத் சாலையில் ஒரகடத்தைச் சுற்றி பெரிய வாகன ஆலைகள் இருக்கின்றன. அவற்றை நம்பி உதிரி பாகம் செய்து தரும் சிறு தொழிற்கூடங்களும் இந்தப் பகுதியில் ஏராளம். இப்படி ஒரு தொழிற்கூடத்தின் மூளை எங்கே இருக்கிறது என்று கேட்டால், பல இடங்களில் ஆபீஸ் ரூம் மூலையில் இருக்கும் ஒரு சின்னப் பெட்டியைத்தான் காட்டுவார்கள். ஆர்டர் கொடுத்த கம்பெனியின் டிராயிங், சிஎன்சி மெஷின் புரோகிராம், தரப் பரிசோதனை அறிக்கை, டேலி கணக்கு, ஷிப்ட் வருகைப் பதிவு என எல்லாமே அதற்குள்தான்.

அந்தப் பெட்டி ஒரு நாள் காலையில் பீப் பீப் என்று கத்தி, கம்ப்யூட்டரில் ஃபோல்டரே தெரியாமல் போனால் என்ன செய்வது?

பெரும்பாலான நேரங்களில் ஃபைல்கள் அழிந்திருக்காது, டிஸ்க்கில் அப்படியே இருக்கும். ஆனால் பதற்றத்தில் முதல் ஒரு மணி நேரத்தில் எதை அழுத்துகிறோம் என்பதைப் பொறுத்துதான் அவை திரும்பக் கிடைக்குமா, கிடைக்காதா என்பது முடிவாகிறது.

நாஸ், ரெய்டு என்றால் என்ன?

நெட்வொர்க் கேபிளில் இணைத்து, ஆபீஸில் உள்ள எல்லாரும் பொதுவாகப் பயன்படுத்தும் சேமிப்புப் பெட்டிதான் நாஸ். உள்ளே 2 அல்லது 4 ஹார்டு டிஸ்க் இருக்கும். அந்த டிஸ்க்குகளை ஒரே டிஸ்க் போல இயங்கவைக்கும் முறைக்கு ரெய்டு என்று பெயர். (வருமான வரித் துறை நடத்துவது வேறு!) 1988-ல் அமெரிக்காவின் பெர்க்லியில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ரேண்டி காட்ஸ் ஆகியோர் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை மூலம் இந்தப் பெயர் பரவியது. விலை குறைந்த பல டிஸ்க்குகளைச் சேர்த்து, விலை உயர்ந்த ஒரு பெரிய டிஸ்க்கின் வேலையை வாங்கலாம் என்பதுதான் அவர்கள் சொன்னது.

சிறு அலுவலகங்களில் அதிகம் பார்ப்பது ரெய்டு 1, ரெய்டு 5. ரெய்டு 1 என்றால் ஒரு டிஸ்க்கில் இருப்பதன் நகல் இன்னொன்றில் இருக்கும். ரெய்டு 5 கொஞ்சம் தந்திரமானது. முதல் டிஸ்க்கில் 7, இரண்டாவதில் 5 என்று எழுதினால், மூன்றாவதில் அவற்றின் கூட்டுத்தொகையான 12 எழுதப்படும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது டிஸ்க் செத்துப்போனாலும் 12-ல் இருந்து 7-ஐக் கழித்து 5 என்று கண்டுபிடித்துவிடலாம். உண்மையில் நடப்பது கூட்டல் இல்லை, வேறொரு பைனரி கணக்கு, தத்துவம் இதேதான். தலா 4 டெராபைட் கொண்ட 4 டிஸ்க் போட்டால் 12 டெராபைட் இடம் கிடைக்கும். ஒரு டிஸ்க் அளவுக்கான இடம் இந்தக் கணக்குக்கே போய்விடும்.

ரெய்டு 5-ல் ஒரு டிஸ்க் போனால் தாங்கும், இரண்டு போனால் தாங்காது. ரெய்டு 6 இரண்டு வரை தாங்கும். ரெய்டு 0-வில் எந்தப் பாதுகாப்பும் கிடையாது, ஒன்று போனாலே எல்லாம் போச்சு.

ரெய்டு இருந்தும் ஃபைல் போவது எப்படி?

முதல் டிஸ்க் போனபோது யாரும் கவனிக்காததுதான் வழக்கமான கதை. பெட்டி ஓடிக்கொண்டேதான் இருக்கும், ஃபைல் திறக்கும், வேலை நடக்கும். எச்சரிக்கை மெயில் போகும் வசதியை யாரும் செட் செய்திருக்க மாட்டார்கள். பீப் சத்தத்தையும் 'தொல்லையா இருக்கு' என்று யாரோ ஆஃப் செய்திருப்பார்கள். சில மாதம் கழித்து இரண்டாவது டிஸ்க்கும் படுத்த பிறகுதான் விஷயம் தெரியவரும்.

ஒரே கடையில், ஒரே நாளில் வாங்கிய 4 டிஸ்க்கும் ஒரே அளவு ஓடி, ஒரே அளவு தேய்ந்திருக்கும். அதனால் ஒன்று போனால் மற்றவையும் ஓய்வு பெறும் வயதில்தான் இருக்கும். புது டிஸ்க்கைப் போட்டதும் பெட்டி 'ரீபில்ட்' செய்யத் தொடங்கும். அப்போது மீதி உள்ள டிஸ்க்குகளின் ஒவ்வொரு மூலையையும் படித்தாக வேண்டும். பெரிய டிஸ்க் என்றால் மணிக்கணக்கில், சில நேரம் நாள்கணக்கில் போகும். தளர்ந்த டிஸ்க் அந்தச் சுமையில்தான் விழும். சாதாரண டிஸ்க்குகளுக்கு உற்பத்தியாளர்கள் தரும் விவரக் குறிப்பிலேயே, ஏறத்தாழ 12.5 டெராபைட் படித்தால் படிக்க முடியாத ஒரு இடம் வரலாம் என்ற கணக்கு இருக்கிறது. நடைமுறையில் டிஸ்க்குகள் இதைவிட நன்றாகவே உழைக்கின்றன. என்றாலும் ரீபில்ட் என்பது ஆபத்தில்லாத வேலை கிடையாது.

முதல் ஒரு மணி நேரம்

பெட்டியை முறையாக ஷட் டவுன் செய்யுங்கள். டிஸ்க்கைக் கழற்றும் முன், எந்த ஸ்லாட்டில் எது இருந்தது என்று 1, 2, 3, 4 என மார்க்கரால் எழுதி, போனில் ஒரு போட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள். வரிசை மாறினால் பிறகு மீட்பவருக்கு வேலை இரட்டிப்பாகும்.

'இனிஷியலைஸ்', 'கிரியேட் நியூ வால்யூம்' போன்ற பட்டன்களைத் தொடவே கூடாது. அவை பழைய அமைப்பின் மேல் புதிதாக எழுதத் தொடங்கிவிடும். ஒரு டிஸ்க்கை மட்டும் கழற்றி விண்டோஸ் கம்ப்யூட்டரில் செருகிப் பார்ப்பதும் பலர் செய்யும் வேலை. நாஸ் பெட்டிகள் பெரும்பாலும் லினக்ஸில் ஓடுபவை. அந்த டிஸ்க்கின் அமைப்பு விண்டோஸுக்குப் புரியாது. 'ஃபார்மட் செய்ய வேண்டுமா?' என்று அது கேட்கும். ஓகே கொடுத்தால் முடிந்தது கதை.

இன்னொரு பொறி, பழைய டிஸ்க்கைத் திரும்ப உள்ளே போடுவது. மார்ச் மாதம் 2-வது டிஸ்க் விலகிப்போனது, ஜூலையில் 4-வது டிஸ்க்கும் விழுந்தது என்று வைத்துக்கொள்வோம். 2-வது டிஸ்க்கைச் செருகிப் பார்த்தால் சில நேரம் அது உயிரோடு இருக்கும். 'அப்பாடா' என்று அதைக் கட்டாயமாகச் சேர்த்து ஓடவிட்டால், மார்ச் மாதக் கணக்கும் ஜூலை மாதக் கணக்கும் கலந்து, இருந்த ஃபைலும் கெட்டுவிடும். இங்கே உயிர் கொடுக்க வேண்டியது கடைசியாக விழுந்த 4-வது டிஸ்க்குக்குத்தான்.

டிஸ்க்கில் இருந்து டிக் டிக் என்றோ, உரசுவது போலவோ சத்தம் வந்தால் மறுபடி கரன்ட் கொடுக்க வேண்டாம். தட்டிப் பார்ப்பது, ஃப்ரீசரில் வைப்பது போன்ற யூடியூப் வைத்தியங்களும் வேண்டாம்.

இவ்வளவுக்கும் முன் பார்க்க வேண்டியது பவர் அடாப்டர். பெட்டி ஆன் ஆகவே இல்லை என்றால் பழுது டிஸ்க்கில் இல்லாமல் அடாப்டரிலோ மதர்போர்டிலோ இருக்கலாம். அப்படியானால் அதே கம்பெனியின் பொருத்தமான இன்னொரு பெட்டியில் அதே வரிசையில் டிஸ்க்குகளை மாற்றினால், பெரும்பாலான மாடல்களில் ஃபைல்கள் அப்படியே வந்துவிடும். புதுப் பெட்டி கேட்கும்போது 'மைக்ரேட்' என்பதைத் தேர்வு செய்ய வேண்டும், 'புதிதாக இன்ஸ்டால்' என்பதை அல்ல. சினாலஜி போன்ற நிறுவனங்கள், டிஸ்க்குகளை லினக்ஸ் கம்ப்யூட்டரில் இணைத்து ஃபைல் எடுக்கும் வழியையும் தங்கள் உதவிப் பக்கத்தில் கொடுத்துள்ளன.

மீட்பு வேலை எப்படி நடக்கிறது?

விவரம் தெரிந்தவர் முதலில் ஃபைலைத் தேட மாட்டார். ஒவ்வொரு டிஸ்க்கையும் அப்படியே வேறொரு டிஸ்க்குக்கு நகல் எடுப்பார். அதற்குப் பிறகு எல்லா வேலையும் நகலில்தான், அசலைத் தொடுவதில்லை. டிடிரெஸ்க்யூ என்ற இலவச மென்பொருள் இதற்குப் பெயர் பெற்றது. நன்றாக இருக்கும் பகுதிகளை முதலில் அள்ளிக்கொண்டு, பழுதான இடங்களைக் குறித்து வைத்து, கடைசியில் அங்கே திரும்பி வந்து மல்லுக்கட்டும். சாகக் கிடக்கும் டிஸ்க்கிடம் வேலை வாங்க இதுதான் சரியான வரிசை.

நகல்கள் கிடைத்ததும், எந்த டிஸ்க் எத்தனையாவது, ஒரு துண்டின் அளவு என்ன, கூட்டுத்தொகை எந்த வரிசையில் சுழல்கிறது என்று கண்டுபிடித்து, கம்ப்யூட்டருக்குள் ரெய்டைப் பொருத்துவார்கள். பல நேரம் இந்த விவரம் டிஸ்க்கிலேயே எழுதியிருக்கும். இனிஷியலைஸ் பட்டன் அழிப்பது இந்த எழுத்தைத்தான்.

ரெய்டைப் பொருத்தாமல் தனித்தனி டிஸ்க்கில் ரெக்கவரி மென்பொருளை ஓட்டினால் என்ன ஆகும்? ரெய்டு 5-ல் ஒரு ஃபைல் சிறு சிறு துண்டுகளாக எல்லா டிஸ்க்கிலும் பரவியிருக்கும். துண்டு அளவு 64 கிலோபைட் என்றால், அதைவிடச் சின்ன ஃபைல்கள் மட்டுமே முழுதாகக் கிடைக்க வாய்ப்பு. 20 எம்பி டிராயிங் வராது. 'ஓட்டிப் பார்த்தோம், ஒண்ணும் கிடைக்கல' என்று சில கடைகளில் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

யாரோ தெரியாமல் டெலிட் செய்தது என்றால் முதலில் நாஸின் ரீசைக்கிள் பின், அடுத்து ஸ்னாப்ஷாட் என்ற பழைய நிலைப் பதிவு ஆகியவற்றைப் பாருங்கள். இரண்டும் இல்லை என்றால் உடனே பெட்டியை நிறுத்துங்கள். புது ஃபைல் எழுத எழுத பழையது மறையும். எஸ்எஸ்டி டிஸ்க்கில் வாய்ப்பு இன்னும் குறைவு. அழித்த இடத்தை அது தானாகவே துடைத்துவிடும். என்கிரிப்ட் செய்த ஃபோல்டரின் சாவி தொலைந்திருந்தால் எந்த லேப்பாலும் முடியாது.

வெள்ளத்தில் நனைந்த டிஸ்க்

2015 டிசம்பர் 1, 2 தேதிகளில் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 செ.மீ. மழை கொட்டியதை இந்தப் பகுதி மறந்திருக்காது. நனைந்த டிஸ்க்கை வெயிலில் காயவைப்பதும், ஹேர் டிரையர் காட்டுவதும் தவறு. உள்ளே போன சேறு தட்டில் ஒட்டிக் காய்ந்துவிடும். ஈரத்தோடேயே காற்றுப் புகாத கவரில் போட்டு, கரன்ட் கொடுக்காமல், தூசியில்லாத அறை உள்ள லேப்புக்கு அனுப்ப வேண்டும். நம்பிக்கை இழக்கத் தேவையில்லை. 2003 பிப்ரவரி 1-ல் சிதறிய கொலம்பியா விண்கலத்திலிருந்து பூமியில் விழுந்து உருகிய நிலையில் கிடைத்த ஒரு ஹார்டு டிஸ்க்கில், சுமார் 99 சதவீதத் தகவலை மீட்டிருக்கிறார்கள்.

ஹேக்கர் பூட்டினால்?

2022 ஜனவரியில் 'டெட்போல்ட்' என்ற ரான்சம்வேர், இன்டர்நெட்டில் நேரடியாகத் திறந்து கிடந்த க்யூநாப் நாஸ் பெட்டிகளைப் பூட்டி, 0.03 பிட்காயின் கேட்டது. 2021 ஜூனில் வெஸ்டர்ன் டிஜிட்டலின் மை புக் லைவ் பெட்டிகள் தொலைவிலிருந்தே ஃபேக்டரி ரீசெட் செய்யப்பட்டன. இந்த மாதிரி தாக்குதலில் ரெய்டு எதுவும் செய்யாது. அழிப்பதையும் எல்லா டிஸ்க்கிலும் ஒழுங்காக அழிக்கும். வீட்டிலிருந்து பார்க்க வசதி என்று ரவுட்டரில் போர்ட் திறந்து வைத்திருந்தால் இன்றே மூடுங்கள். சைபர் தாக்குதல் என்றால் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் சர்ட்-இன் அமைப்புக்கு நிறுவனங்கள் தெரிவிக்க வேண்டும் என்பது 2022 ஏப்ரல் 28-ல் வந்த உத்தரவு.

லேப்பில் கொடுக்கும் முன்

பழுதானது, நல்லது என்று பிரிக்காமல் எல்லா டிஸ்க்கையும் கொடுங்கள். மார்ச் மாதம் விலகிய அந்தப் பழைய டிஸ்க் உட்பட. கிடைத்த ஃபைல்களின் பட்டியலைக் காட்டிய பிறகுதான் முழுப் பணம் என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள். டிராயிங் உங்களுடையது அல்ல, ஆர்டர் கொடுத்த கம்பெனியுடையது. அதனால் ரகசியக் காப்பு ஒப்பந்தம் இல்லாமல் டிஸ்க்கைக் கை மாற்றினால், ஃபைல் கிடைத்தும் ஆர்டர் போகலாம்.

பேக்கப் எதற்கு, அதான் ரெய்டு இருக்கே?

2025 செப்டம்பர் 26-ல் தென்கொரியாவின் டேஜோன் நகரில் அரசு டேட்டா சென்டர் எரிந்தபோது, அரசு ஊழியர்களின் 858 டெராபைட் ஃபைல்கள் போயின. அளவு பெரியது என்பதால் வெளியே நகல் வைக்கவில்லை. ஒரு பட்டறையின் டிராயிங்கும் கணக்கும் அவ்வளவு பெரியவை அல்ல. ஒரு வெளி டிஸ்க்கில் அடங்கிவிடும். அதை எழுதியதும் கழற்றி வேறு கட்டிடத்தில் வைப்பதுதான் முக்கியம்.

இதில் சட்டமும் இருக்கிறது. ஜிஎஸ்டி கணக்குகளை ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்யும் கடைசி தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். கம்ப்யூட்டரில் கணக்கு வைக்கும் கம்பெனிகள் அதன் பேக்கப்பை இந்தியாவில் உள்ள சர்வரில் தினமும் எடுக்க வேண்டும் என்று 2022 ஆகஸ்டில் விதி மாற்றப்பட்டது.

யுபிஎஸ் வைத்திருப்பவர்கள் அதன் யுஎஸ்பி கேபிளை நாஸில் செருகியிருக்கிறார்களா என்று ஒருமுறை பாருங்கள். செருகி, நாஸ் செட்டிங்கில் அந்த வசதியை ஆன் செய்திருந்தால்தான் பேட்டரி தீரும் முன் நாஸ் தானாக அணையும். அடுத்த மாதாந்திர பராமரிப்பு மின்தடை நாளிலேயே இதைச் சோதித்துவிடலாம். ஒன்று, அன்று காலையே முழு பேக்கப் எடுத்துவிட்டுச் சோதியுங்கள்.