கணக்கரின் விளக்கு: ஜே.சி. குமரப்பாவின் சிக்கனம்

சுற்றுச்சூழலைப் பேணும் வாழ்க்கை என்பது வசதி படைத்தோரின் பொழுதுபோக்கு என்றோர் எண்ணம் நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. அதற்குக் காரணமும் இல்லாமல் இல்லை. செக்கெண்ணெய் இன்று ஆலை எண்ணெயைவிட விலை கூடியது. கைக்குத்தல் அரிசியோ நகரத்துச் சிறப்பங்காடிகளின் அரும்பொருள். ஆனால் இவற்றையே ஏழையின் பொருள்களாகவும் ஏழையின் பொருட்டும் முன்வைத்த இயக்கம் ஒன்று இந்நாட்டில் நிகழ்ந்தது. அதை முன்னின்று நடத்தியவர் ஒரு தமிழர் என்பதை நாம் பெரிதும் மறந்துவிட்டோம்.

ஜோசப் செல்லதுரை கொர்னேலியஸ் 1892 ஜனவரி 4 அன்று தஞ்சாவூரில் ஒரு கிறித்தவக் குடும்பத்தில் பிறந்தார். இலண்டனில் கணக்கியல் பயின்று, பம்பாயில் தணிக்கையாளராகத் தொழில் நடத்தினார். பின்னர் அமெரிக்கா சென்று கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொதுநிதி பயின்றபோது, இந்தியாவின் வறுமைக்கும் ஆங்கில அரசின் நிதி நிர்வாகத்துக்கும் உள்ள உறவை ஆராய்ந்தார். அவ்வாய்வே 1929இல் அவரைக் காந்தியிடம் கொண்டு சேர்த்தது. குமரப்பா என்ற குடும்பப் பெயரை மீண்டும் ஏற்றுக்கொண்டதும் அக்காலத்தில்தான். அதன்பின் குஜராத்தின் மாத்தர் வட்டத்துச் சிற்றூர்களின் பொருளியல் நிலையை அவர் ஆய்வு செய்தார். தணிக்கையாளரின் கண் அங்கேதான் நிறுவனங்களின் பேரேட்டிலிருந்து குடியானவனின் அடுக்களைக்குத் திரும்பியது.

1934இன் இறுதியில் அகில இந்தியக் கிராமத் தொழில் சங்கம் தோன்றியபோது குமரப்பா அதன் செயலாளரானார். வார்தாவில், மகன்லால் காந்தியின் நினைவாகப் பெயரிடப்பட்ட மகன்வாடி அதன் களம். தீட்டாத அரிசி, வெல்லம், செக்கெண்ணெய், கைக்காகிதம், எரு என்று அன்றாடத்தின் சின்னஞ்சிறு பொருள்களே அங்கே ஆராய்ச்சிக்குரியவையாயின.

அவற்றுள் 'மகன் தீபம்' என்னும் விளக்கு தனித்துச் சொல்லத்தக்கது. சிற்றூர்களில் அன்று மண்ணெண்ணெய் விளக்குகள் பரவியிருந்தன. தாவர எண்ணெயோ மண்ணெண்ணெயைவிடக் கெட்டியானது. திரியில் எளிதாக ஏறாது. அவ்வெண்ணெயிலேயே எரியும்படி அமைக்கப்பட்டதுதான் மகன் தீபம். இதில் என்ன பெரும் வேறுபாடு என்று கேட்கத் தோன்றலாம். மண்ணெண்ணெய்க்குக் கொடுத்த காசு ஊரைவிட்டுப் போய்விடும். விளக்கெண்ணெய்க்குக் கொடுத்த காசு வித்தை விளைவித்தவனுக்கும் செக்காட்டியவனுக்கும் சேரும். பிண்ணாக்கு மாட்டுக்கோ வயலுக்கோ போகும். ஒரு விளக்கை ஏற்றுவதில் இத்தனை பேரின் பிழைப்பு அடங்கியிருக்கிறது என்பதே குமரப்பாவின் கணக்கு.

இக்கணக்கை அவர் ஒரு கோட்பாடாகவும் விரித்தார். நிலக்கரி, பெட்ரோலியம், உலோகத் தாது போன்றவை தேங்கிக் கிடப்பவை. எடுக்க எடுக்கக் குறைபவை. ஓடும் நீர், வளரும் மரம் போன்றவை அளவறிந்து கொள்ளும்வரை ஊறிக்கொண்டே இருப்பவை. முன்னவற்றை நம்பிய வாழ்க்கை போட்டியிலும் போரிலும் முடியும். பின்னவற்றை நம்பியது நிலைக்கும் என்றார். 'வெள்ளையனே வெளியேறு' போராட்டத்தையொட்டிச் சிறையிலிருந்தபோது, நிலைத்த பொருளாதாரம் குறித்த தம் நூலை எழுதினார். சுற்றுச்சூழல் என்ற சொல் மேடைகளில் ஒலிக்கத் தொடங்குவதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே எழுதப்பட்டது அது. 1973இல் வெளிவந்த 'ஸ்மால் இஸ் பியூட்டிஃபுல்' நூலில் ஷூமாக்கர் குமரப்பாவை எடுத்தாண்டிருக்கிறார்.

ஆயினும் ஒரு கேள்வியை நாம் தவிர்க்கவியலாது. உரலும் உலக்கையும் யார் கைகளில் இருந்தன? ஆலையில் தீட்டிய அரிசி தவிட்டோடு சத்தையும் இழக்கிறது என்பது உண்மை. அதையே பெரிதும் உண்டவர்களிடம் பெரிபெரி நோய் கண்டதும் உண்மை. ஆனால் நாள்தோறும் நெல் குத்திய பெண்ணுக்கு ஆலையின் வருகை ஒரு விடுதலையாகவும் இருந்திருக்கும். குடும்பத்தின் சிக்கனம் ஒருத்தியின் முதுகெலும்பில் எழுதப்படுமாயின் அதை மலிவு என்று சொல்வது எங்ஙனம்? மகன்வாடி இதை முற்றிலும் அறியாதிருக்கவில்லை. பழைய கருவியைப் போற்றுவதோடு நில்லாமல், செக்கையும் அடுப்பையும் திருத்தி உழைப்பையும் புகையையும் குறைக்க அங்கே முயன்றார்கள். எனினும் கேள்வி இன்னும் முழுமையாகத் தீர்ந்துவிடவில்லை.

விடுதலைக்குப் பின் காங்கிரசின் நிலச்சீர்திருத்தக் குழுவுக்குத் தலைமை தாங்கிய குமரப்பா, நாடு தேர்ந்துகொண்ட பெருந்தொழில் பாதையோடு உடன்படவில்லை. இறுதிக் காலத்தில் மதுரையை அடுத்த தே. கல்லுப்பட்டி காந்தி நிகேதனில் தங்கினார். 1960 ஜனவரி 30 அன்று, காந்தியின் நினைவு நாளிலேயே, காலமானார்.

தமிழகத்தில் 2019 ஜனவரி முதல் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்கள் பலவும் தடை செய்யப்பட்டன. 2021 டிசம்பரில் அரசே மஞ்சப்பையை மீண்டும் கையிலெடுத்தது. வீட்டிலிருக்கும் துணிப்பைக்கும், காய்கறித் தோலை மண்ணில் புதைப்பதற்கும், கிழிந்ததைத் தைப்பதற்கும் செலவென்று பெரிதாக ஒன்றுமில்லை. இவற்றைத் தாண்டி ஒரு பொருளை வாங்கும்போது, குமரப்பாவின் வழிநின்று மூன்று கேள்விகளைக் கேட்டுப் பார்க்கலாம். கொடுக்கும் காசு யாரிடம் சேர்கிறது? பயன் தீர்ந்தபின் பொருள் எங்கே போகிறது? அதற்கான உழைப்பை வீட்டில் யார் சுமக்கிறார்கள்? முதலிரண்டையும் அவர் தெளிவாகவே எழுதிச் சென்றார். மூன்றாவது, அவரிடமிருந்து பெற்றுக்கொண்டு நாம் எழுதிச் சேர்க்க வேண்டிய பத்தி.