உமிச் சாம்பலும் எண்ணூர்ச் சாம்பலும்

கட்டடக் கலவையில் சாம்பல் சேர்ப்பது புதிய விஷயம் அல்ல. 2000 ஆண்டுகளுக்கு முன்பே ரோமானியர்கள் சுண்ணாம்போடு எரிமலைச் சாம்பலைக் கலந்து கட்டினார்கள். நம் ஊரிலோ சுண்ணாம்புச் சாந்தில் கடுக்காயும் வெல்லமும் சேர்த்தார்கள். சிமெண்ட் வந்ததும் இவை மறந்து போயின. ஆனால் சாம்பல் மட்டும் திரும்பி வந்தது!

நெல்லின் எடையில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு உமி. அதை எரித்தால் கிடைக்கும் சாம்பலில் 85 முதல் 90 சதவீதம் சிலிக்கா. சுமார் 700 டிகிரிக்கு மிகாமல் எரித்தால், இந்தச் சிலிக்கா சிமெண்டிலிருந்து வெளிப்படும் சுண்ணாம்போடு வினைபுரிந்து கான்கிரீட்டின் நுண்துளைகளை அடைக்கும். உப்புக்காற்று கம்பியை அரிக்கும் ராயபுரம், திருவொற்றியூர் போன்ற பகுதிகளுக்கு இது எவ்வளவு பொருத்தம்! 1970களில் அமெரிக்காவில் பேராசிரியர் பி.கே. மேத்தா இதை விரிவாக ஆராய்ந்தார்.

வடசென்னைக்குப் பக்கத்திலேயே செங்குன்றம் அரிசி ஆலைகள் இருக்கின்றன. ஆனால் ஆலைக் கொதிகலனில் வெப்பம் ஒரே சீராக இருக்காது. சாம்பலின் தரமும் மாறும். தரம் மாறும் சரக்கை வாங்க எந்தக் கம்பெனியும் தயங்கும்.

அந்த இடத்தைப் பிடித்தது நிலக்கரிச் சாம்பல். எண்ணூர் அனல்மின் நிலையம் 1970இல் உற்பத்தியைத் தொடங்கி 2017இல் மூடப்பட்டது. வடசென்னை அனல்மின் நிலையம் 1990களில் வந்தது. இந்திய நிலக்கரியில் 30 சதவீதத்துக்கு மேல் சாம்பல் என்பதால் மலை மலையாகச் சேர்ந்தது. 1999இல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம், செங்கல் சூளைகள் சாம்பல் கலக்க வேண்டும் என்றும், மின்நிலையங்கள் அதை இலவசமாகத் தர வேண்டும் என்றும் ஆணையிட்டது. பொசோலானா சிமெண்டில் 35 சதவீதம் வரை இதைச் சேர்க்கலாம்.

உலர்ந்த சாம்பலுக்கு வாங்க ஆள் இருந்தது. தண்ணீரில் கரைத்துக் குழாயில் அனுப்பிய சாம்பலோ, குழாய் உடைந்த இடங்களில் எல்லாம் கொசஸ்தலை ஆற்றில் படிந்தது. ஆறு தூர்ந்தது, இறாலும் மீனும் குறைந்தன, காட்டுக்குப்பம் போன்ற மீனவ ஊர்களின் பிழைப்பு கெட்டது. 2022இல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தலையிட வேண்டியிருந்தது.

விலை போன சாம்பல் சரக்கு ஆனது. விலை போகாத சாம்பலுக்கு மீனவர்கள் விலை கொடுத்தார்கள். இந்தச் செலவு யாருடைய கணக்கில் எழுதப்பட்டது? கழிவை என்ன செய்யலாம் என்று விஞ்ஞானம் எப்போதோ சொல்லிவிட்டது. அதைச் செய்யாமல் விட்டால் நட்டம் யாருக்கு என்பதை எண்ணூர் சொல்கிறது.