உலகப் பசுமையின் எடை

பல ஆண்டுகளுக்கு முன்னர், பயிற்சி ஆசிரியனாகத் தோட்டத் தமிழ்ப்பள்ளி ஒன்றில் அறிவியல் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். தாவரங்கள் காற்றிலுள்ள கரிவளியை உட்கொண்டு, கதிரொளியின் துணையால் உணவாக்கி, கரியத்தைத் தம் உடம்பில் சேமித்து வைக்கின்றன என்று விளக்கினேன். சன்னலுக்கு வெளியே நின்ற இரப்பர் மரத்தைக் காட்டி, "அதோ, அந்த மரத்தைக் காயவைத்தால், எஞ்சும் எடையில் ஏறத்தாழப் பாதி கரியம்" என்றேன். பின்வரிசையில் இருந்த மாணவன் ஒருவன் எழுந்து, "எத்தனை கிலோ இருக்கும், ஐயா? மரத்தை வெட்டாமல் எப்படி எடைபோடுவார்கள்?" என்று கேட்டான். "அறிஞர்கள் அதற்கொரு கணக்கு வைத்திருக்கிறார்கள், உட்கார்" என்று கூறிப் பாடத்தைத் தொடர்ந்தேன். அவன் உட்கார்ந்துவிட்டான். அவன் கேட்ட வினாவோ இன்றுவரை என் முன்னே நின்றுகொண்டிருக்கிறது.

அது சிறுவன் கேட்ட சிறு வினாவன்று. உலகின் காடுகள், புல்வெளிகள், வயல்கள் ஆகிய அனைத்திலும் உயிரோடு நிற்கும் தாவரங்களில் எவ்வளவு கரியம் அடங்கியுள்ளது, அது எந்தெந்த நிலத்தில் எவ்வளவு செறிந்துள்ளது என்று கணக்கிட்டு வரைபடம் தீட்டுவதற்கு மாந்தர் மேற்கொண்ட நெடும் முயற்சியின் வரலாறே அவ்வினாவுக்குரிய விடையாகும். அன்று நான் கூறாமல் விட்ட விடையை இக்கட்டுரையில் கூற முற்படுகிறேன்.

தராசில் ஏறிய முதல் மரம்

பெல்ஜிய நாட்டு மருத்துவரான வான் ஹெல்மாண்ட் என்பார் 200 பவுண்டு உலர்ந்த மண்ணை ஒரு தொட்டியில் இட்டு, அதில் 5 பவுண்டு எடையுள்ள வில்லோ மரக்கன்றை நட்டார். ஐந்தாண்டுகள் தண்ணீர் மட்டுமே ஊற்றி வந்தார். பின்னர் மரத்தைப் பெயர்த்து எடைபோட்டபோது அது 169 பவுண்டுக்குச் சற்று மிகுதியாக இருந்தது; மண்ணோ ஏறத்தாழ 2 அவுன்சு மட்டுமே குறைந்திருந்தது. மரம் மண்ணைத் தின்று வளரவில்லை என்பது தெளிவாயிற்று. ஆகவே, நீரே மரமாயிற்று என்று அவர் முடிவு கட்டினார். அவர் மறைந்தபின், 1648இல் இச்சோதனை நூலில் வெளிவந்தது. 'வாயு' என்னும் பொருளில் இன்று உலகம் வழங்கும் 'கேஸ்' என்ற சொல்லைப் படைத்தவரும் அவரே. கரி எரியும்போது எழும் வாயுவை அறிந்திருந்த அப்பெரியார், தம் தொட்டியில் வளர்ந்த மரத்தின் பெரும்பகுதி அவ்வாயுவிலிருந்தே வந்தது என்பதை மட்டும் அறியாது போனார்.

அவ்வுண்மை படிப்படியாகவே விளங்கிற்று. மெழுகுவத்தி எரிந்து கெட்டுப்போன காற்றைப் புதினாச் செடி மீண்டும் நலமாக்குவதை 1771இல் இங்கிலாந்தின் பிரீஸ்ட்லி கண்டார். அதற்குக் கதிரொளி வேண்டும் என்பதை 1779இல் இங்கன்ஹவுஸ் நிறுவினார். ஜெனீவா நகரத்துச் சொசூர் 1804இல் வெளியிட்ட நூலில், தாவரத்தின் எடை காற்றின் கரிவளியிலிருந்தும் நீரிலிருந்தும் பெறப்படுகிறது என்பதை அளவுகளோடு காட்டினார். காற்று மரமாகிறது என்பது இவ்வாறு ஐயத்திற்கு இடமின்றித் தெளிந்தது.

ஒரு மரத்திலிருந்து உலகிற்கு

ஒரு மரத்திற்குக் கணக்கு உண்டெனில் உலகிற்கும் கணக்கு உண்டன்றோ? செருமானிய வேதியியல் அறிஞர் லீபிக் 1862இல் ஒரு மனக்கணக்குப் போட்டுப் பார்த்தார். நிலவுலகம் முழுவதும் ஒரே புல்வெளியாக இருந்து, ஆண்டுதோறும் ஹெக்டேருக்கு 5 டன் விளைவு தருமானால், காற்றிலுள்ள கரிவளி முழுவதும் ஏறத்தாழ 22 ஆண்டுகளில் தீர்ந்துபோகும் என்றார். காற்றின் கரியமும் தாவரத்தின் கரியமும் ஒரே செல்வத்தின் இரு பைகள் என்பதை அவ்வெளிய கணக்கு உணர்த்திற்று. ஒரு பையில் குறைந்தது மற்றொன்றில் கூடும். ஆயினும், மெய்யான காடுகளில் எவ்வளவு உள்ளது என்பதை எவரும் அளந்தாரில்லை.

அளக்கும் காலம் இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வந்தது. காற்றிலுள்ள கரிவளியை ஹவாய்த் தீவின் மவுனா லோவா மலையில் கீலிங் 1958 முதல் இடைவிடாது அளக்கத் தொடங்கினார். அளவு ஆண்டுக்காண்டு ஏறிவருவது தெரிந்தது. மற்றொரு பையில் என்ன இருக்கிறது என்று அறியவேண்டிய கட்டாயம் பிறந்தது. 1964 முதல் 1974 வரை நடைபெற்ற அனைத்துலக உயிரியல் திட்டத்தின்கீழ், பல நாட்டு அறிஞர்கள் தத்தம் காடுகளுக்குள் தராசுகளைத் தூக்கிச் சென்றனர்.

பாசோ காட்டில் நடந்தது

அத்தகைய காடுகளுள் ஒன்று நம் நாட்டிலேயே உள்ளது என்பதை நம் மாணவர்களுள் எத்தனை பேர் அறிவர்? நெகிரி செம்பிலான் மாநிலத்துப் பாசோ காட்டில், 1970ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் மலேசிய, ஜப்பானிய, பிரிட்டிஷ் அறிஞர்கள் கூடிப் பணியாற்றினர். ஜப்பானைச் சேர்ந்த கிரா முதலியோர் அங்குக் கைக்கொண்ட முறை மிகவும் எளியது. உழைப்போ மிகவும் கடியது. மரங்களை வெட்டி வீழ்த்தினர். அடிமரம் வேறு, கிளை வேறு, இலை வேறாகப் பிரித்து எடைபோட்டனர். பசுமரத்தில் நீர் மிகுதியாதலால், சிறு துண்டுகளை அடுப்பில் உலர்த்தி, உலர்ந்த எடை எவ்வளவு என்று கண்டனர். வேர்களையும் தோண்டிப் பார்த்தனர்.

வெட்டுமுன் ஒவ்வொரு மரத்தின் குறுக்களவையும் மார்பளவு உயரத்தில், அதாவது தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில், அளந்து வைத்திருந்தனர். குறுக்களவு இவ்வளவாயின் எடை இவ்வளவு என்றொரு சூத்திரம் அதனால் கிடைத்தது. குறுக்களவு இரு மடங்கானால் எடை இரு மடங்காவதில்லை. பெரும்பாலும் ஐந்து மடங்குக்கு மேல் ஆகிறது. நம் இலக்கண நூலோர் அளவையை எண்ணல், எடுத்தல், முகத்தல், நீட்டல் என நான்காக வகுத்தனர். நாடாவால் அளக்கும் நீட்டலளவையை எடுத்தலளவையாக மாற்றித் தருவதே இச்சூத்திரத்தின் பயன். சில மரங்கள் வீழ்ந்ததனால், எண்ணற்ற மரங்களை வீழ்த்தாமலே எடைபோட வழி பிறந்தது. பாசோ காட்டின் நிலத்திற்கு மேலுள்ள உலர் எடை, ஹெக்டேருக்கு 400 டன்னை ஒட்டியது என்று அறியலாயினர்.

அதே பாசோவில் 1980ஆம் ஆண்டுகளின் நடுப்பகுதியில், கெப்போங் வன ஆராய்ச்சி நிலையத்தாரும் அமெரிக்காவின் சுமித்சோனியன் நிறுவனத்தாரும் இணைந்து 50 ஹெக்டேர் பரப்பைக் கட்டங்கட்டமாகப் பிரித்தனர். சுண்டுவிரல் பருமனான கன்று முதல் விண்ணை முட்டும் மரம் வரை, மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டவற்றை அளந்து, பெயரறிந்து, எண்ணிட்டனர். ஏறத்தாழ 800 வகை மரங்கள் அங்கே இருந்தன.

முதல் வரிசை மாணவர்கள்

இத்தகைய அளவீடுகளைத் தொகுத்தே உலகத் தொகை காணப்பட்டது. சோவியத் அறிஞர்களான ரோடின், பசிலேவிச் முதலியோர் 1970ஐ ஒட்டிய ஆண்டுகளில், மனிதன் கைபடாத இயற்கை நிலையில் உலகத் தாவரங்களின் உலர் எடை 2,400 பில்லியன் டன் இருக்கும் என்றனர். பில்லியன் என்பது நூறு கோடி. அமெரிக்காவின் விட்டேக்கரும் லைக்கன்சும் 1973இல், நிலத் தாவரங்களிலுள்ள கரியம் ஏறத்தாழ 827 பில்லியன் டன் என்று கணித்தனர்.

இங்கேதான் ஒரு பிழை நுழைந்திருந்தது. பள்ளிக்கு ஆய்வாளர் ஒருவர் வருகிறார் என்று கொள்வோம். அவர் முதல் வரிசையில் அமர்ந்திருக்கும் நான்கு மாணவர்களை மட்டும் வினவி, அவர்கள் பெற்ற மதிப்பெண்ணையே பள்ளி முழுவதற்கும் உரியதாக எழுதிச் சென்றால் என்னாகும்? காட்டு அளவையிலும் அதுவே நிகழ்ந்தது. ஆய்வாளர்கள் ஓங்கி வளர்ந்த, அழகிய, கோடரி படாத காடுகளையே பெரும்பாலும் தேர்ந்தெடுத்தனர். வெட்டுண்டு மீண்டும் தளிர்த்த காடுகளும், தீயில் கருகியவையும், வறண்ட நிலத்துப் புதர்களும் பின்வரிசை மாணவர்களாயின. சாண்ட்ரா பிரவுன், ஏரியல் லூகோ ஆகிய இருவரும், வனத்துறைகள் பரந்த நிலப்பரப்பில் எடுத்து வைத்திருந்த மரக்கன அளவுகளைக் கொண்டு 1980ஆம் ஆண்டுகளில் மறுகணக்குப் பார்த்து, வெப்ப மண்டலக் காடுகளின் எடை முன்பு கூறப்பட்டதினும் குறைவு என்று காட்டினர்.

இக்குறையை உணர்ந்து ஆக்கப்பட்டதே 1983இல் வெளிவந்த உலக வரைபடம். அணுகுண்டுத் திட்டத்திற்கென அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் தோற்றுவிக்கப்பட்ட ஓக் ரிட்ஜ் ஆய்வகத்திலிருந்து அது வந்தது என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. ஓல்சன், வாட்ஸ், அலிசன் ஆகிய மூவரும் நிலவுலகை அரைப் பாகைக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் எவ்வகைத் தாவரம் நிற்கிறது, அதில் சதுர மீட்டருக்கு எத்தனை கிலோ கரியம் உள்ளது என்று குறித்தனர். நிலநடுக்கோட்டின் அருகே அத்தகைய கட்டம் ஒன்றினுள் பினாங்குத் தீவு போல் பத்துத் தீவுகள் அடங்கும். அவ்வளவு பருமட்டான வரைபடம்தான். ஆயினும், சிதைந்த காட்டையும் விளைநிலத்தையும் அது விட்டுவிடவில்லை. முழுத் தொகை ஏறத்தாழ 560 பில்லியன் டன் என்று வந்தது. பத்தாண்டுகளில் 827 என்பது 560 ஆயிற்று. அந்த வேறுபாடு முழுவதும் அப்பத்தாண்டுகளில் எரிந்துபோன காடன்று. பெரும்பகுதி, முன்பு இருப்பதாக நாம் நம்பிக்கொண்டிருந்த காடேயாகும்.

வானத்திலிருந்து பார்த்தல்

1972இல் லேண்ட்சாட் துணைக்கோள் ஏவப்பட்ட பின்னர், காட்டை வானிலிருந்து காணும் வாய்ப்பு வந்தது. ஆனால் வானிலிருந்து தெரிவது பச்சை நிறமே; எடையன்று. நம் நாட்டின்மேல் பறந்து செல்பவர் கண்ணுக்குப் பழங்காடும் பசுமை, இரப்பர்த் தோட்டமும் பசுமை, செம்பனையும் பசுமை. அவற்றுள் அடங்கிய கரியமோ பன்மடங்கு வேறுபடும். ஆகவே, ஒளிக்கதிரைக் கீழே செலுத்தி அது திரும்பிவரும் நேரத்தைக்கொண்டு மரத்தின் உயரம் காணும் கருவிகளை அனுப்பினர். அத்தகைய கோள் ஒன்று 2003இல் சென்றது. அதன் அளவுகளைத் தரையளவுகளோடு சேர்த்து, 2011இலும் 2012இலும் வெப்ப மண்டலக் காடுகளுக்கு இரு வரைபடங்கள் வெளியாயின.

அவை வந்த சில ஆண்டுகளிலேயே ஒரு பாடமும் கிடைத்தது. அமேசான் காட்டில் மக்கள் நேரில் சென்று அளந்த 400க்கும் மேற்பட்ட திடல்களோடு அவற்றை ஒப்பிட்டு 2014இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. தென்மேற்கிலிருந்து வடகிழக்கு நோக்கிச் செல்லச் செல்லக் காட்டின் எடை கூடுவதைத் தரையளவுகள் காட்டின. வானளவு வரைபடங்கள் அதனைச் சரிவரக் காட்டவில்லை. வடகிழக்கில் மரங்களின் கட்டை செறிவானது என்பது ஒரு காரணம். நம் காட்டிலும் பாலாவ் மரம் இரும்பெனக் கனக்கும். ஜெலுத்தோங் எளிதில் செதுக்கத்தக்க மென்கட்டை. ஒரே உயரத்தில் இரண்டும் நின்றால் வானிலிருந்து காண்பதற்கு வேறுபாடில்லை. அடியில் நின்று, பட்டையைத் தொட்டு, இலையைப் பார்த்து, 'இது இன்ன மரம்' என்று சொல்லவல்ல ஒருவர் வேண்டும். 2018 டிசம்பரில் அனைத்துலக விண்வெளி நிலையத்திற்குக் 'ஜெடி' என்னும் ஒளிக்கதிர்க் கருவி சென்றது; 2025 ஏப்ரலில், இலைகளை ஊடுருவிக் கிளையையும் அடிமரத்தையும் உணரும் ரேடாரோடு ஐரோப்பியக் கோள் ஒன்று விண்ணேறிற்று. அக்கருவிகள் காண்பதை எடையாக மாற்றுவதற்கும் தரையில் அளந்த மரங்களே துணை. காட்டில் மரமேறியவர், வேர் தோண்டியவர், பெயர் சொன்னவர் ஆகியோர் உலக வரைபடத்தில் இடம்பெறுவதில்லை. ஆனால் அவர்களின்றி அந்த வரைபடம் இல்லை.

பாதிப் பை

2018இல் வெளிவந்த ஆய்வு ஒன்று, உலகத் தாவரங்களில் இன்றுள்ள கரியம் ஏறத்தாழ 450 பில்லியன் டன் என்றும், மனிதன் நிலத்தைப் பயன்படுத்தாதிருந்தால் அது 916 பில்லியன் டன் அளவு இருந்திருக்கும் என்றும் கணித்தது. பை பாதியாயிற்று. காட்டை அழித்து நிலத்தை மாற்றியது அக்குறைவில் பாதிக்குச் சற்று மிகுதி. எஞ்சியது, காடு காடாகவே நிற்க அதில் மரம் எடுத்ததாலும், புல்வெளிகளில் கால்நடை மேய்த்ததாலும் நேர்ந்தது. வெளியிலிருந்து பார்ப்பவர்க்குப் பசுமை குன்றாமலே உள்ளிருப்பு குன்றக்கூடும் என்பதே இதனால் பெறப்படுவது. தராசு தேவைப்படுவது அதனால்தான். கண் ஏமாறும், நிறம் ஏமாற்றும், எடை உண்மை சொல்லும்.

அந்த மாணவன் இன்று எங்கிருக்கிறானோ, அறியேன். அவனைச் சந்தித்தால், "வெட்டித்தான் எடைபோட்டார்கள், தம்பி. சிலவற்றை வெட்டியதால் மற்றவற்றை வெட்டாமல் அளக்கக் கற்றுக்கொண்டார்கள். அன்றே இதை உனக்குச் சொல்லியிருக்க வேண்டும்" என்பேன்.

ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். உங்கள் பள்ளி வளாகத்திலும் ஒரு மரம் நிற்கும். அடுத்த அறிவியல் பாடவேளையில் மாணவர்களை அதனடியில் அழைத்துச் செல்லுங்கள். தையல் நாடா ஒன்று போதும். 1.3 மீட்டர் உயரத்தில் சுற்றளவை அளக்கச் சொல்லுங்கள். அடுத்த ஆண்டும் அதே நாளில் அதே இடத்தில் அளக்கச் சொல்லுங்கள். அதிகமாகும் அந்தச் சில மில்லிமீட்டர், அவர்கள் விடும் மூச்சும் கலந்த காற்றிலிருந்து மரம் எடுத்துக்கொண்ட கரியம். நாடாவைப் பிடிக்கும் வாய்ப்பைப் பின்வரிசை மாணவனுக்கு முதலில் கொடுங்கள்.